95 சதவீதம் என்பது யாருடைய 95?

வாசகர் ஒருவர் தன் அண்ணனைப் பற்றி அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு வயது 41. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஏழு வாரமாக இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை சுண்டி இழுக்கும் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்பின் அடியில் இருக்கும் எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர், "இந்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம், 95 சதவீதம் வெற்றி" என்கிறார். உறவினர்களோ, "முதுகில் மட்டும் கத்தி வைத்துவிடாதே, படுத்த படுக்கையாகிவிடுவாய்" என்கிறார்கள். யாரை நம்புவது? ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடுமா? அண்ணன் மறுபடியும் கனமான வேலை செய்ய முடியுமா?

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். சேலத்தில் 22 வருடமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதால், அவருக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த 95 என்ற எண்ணைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். அது கையில் இருந்தால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில், 95 என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. நெதர்லாந்தில் லைடன், ஹேக் நகரங்களின் மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. உங்கள் அண்ணனுக்கென்றே செய்தது போன்ற ஆய்வு அது. டிஸ்க் பிதுங்கி, 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு உடனே ஆபரேஷன். மற்றொரு அணிக்கு வலி மாத்திரையும் தைரியமும் சொல்லி, பொறுத்திருந்து பார்ப்பது. தாங்க முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். ஒரு வருடம் கழித்து, "வலி முற்றிலும் அல்லது ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது" என்று சொன்னவர்கள் ஆபரேஷன் அணியில் 95 சதவீதம்.

பொறுத்திருந்த அணியிலும் 95 சதவீதம்தான்.

இதை நான் எங்கள் கிளினிக்கில் சொல்லும்போது பலர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், "பார்த்தீர்களா, ஆபரேஷன் தேவையே இல்லை" என்று. அவசரப்பட வேண்டாம். பொறுத்திருந்த அணியில் 39 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் வலி தாங்காமல் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்த 95. அதாவது, காத்திருக்க முடிவு செய்த பத்துப் பேரில் ஆறு பேர் கத்தி படாமலே மீண்டார்கள், நாலு பேர் கடைசியில் மேசைக்குப் போனார்கள். காத்திருந்துவிட்டுப் போனதால் அந்த நாலு பேர் கெட்டுப்போகவும் இல்லை.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. குணமாக எடுத்துக்கொண்ட நாள். உடனே ஆபரேஷன் செய்தவர்களில் பாதிப் பேர் 4 வாரத்தில் தேறிவிட்டார்கள். பொறுத்திருந்தவர்களில் பாதிப் பேர் தேற 12 வாரம் ஆனது. ஆக, இந்த ஆபரேஷன் வாங்கித் தருவது காலத்தை. ஏறக்குறைய எட்டு வாரம். அதற்கு மேல் விதியை அது பெரிதாக மாற்றுவதில்லை.

எட்டு வாரம் என்ன விலை பெறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதை எந்த ஸ்கேனும் சொல்லாது. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடைக்கும் அரசு ஊழியருக்கு எட்டு வாரம் என்பது கொஞ்சம் எரிச்சல், நிறைய டி.வி. தினக்கூலிக்கு வெல்டிங் செய்கிறவருக்கு எட்டு வாரம் என்பது ஒரு கல்வி ஆண்டின் பள்ளிக் கட்டணம், இரண்டு மாத வாடகை, நகைக்கடனுக்கு வட்டி. இரவு தூக்கமே இல்லாமல், உட்கார முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிற நிலையில் இருப்பவருக்கு எட்டு வாரம் ஒரு யுகம். "கொஞ்சம் பொறுங்கள், தானாகச் சரியாகும்" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அதனால்தான் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை. அவர்கள் காலத்தை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வாங்குகிற பொருள் என்ன என்று தெரிந்து வாங்கினால் போதும்.

பிதுங்கிய டிஸ்க் தானாக எப்படிச் சரியாகும் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் அண்ணன் கேட்பார். எல்லோரும் கேட்கிறார்கள். டிஸ்க் என்பது இரண்டு முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. வெளியே நார் வளையம், உள்ளே நுங்குபோலக் கொழகொழப்பான சதை. நார் கிழிந்து நுங்கு வெளியே வந்துவிட்டால், உடம்பு அதை வேண்டாத விருந்தாளியாகப் பார்க்கிறது. இரத்தக் குழாய்கள் அங்கே முளைக்கின்றன, வெள்ளை அணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாகத் தெரியும் பெரிய பிதுக்கம்தான் அதிகமாகச் சுருங்குகிறது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், துண்டாகப் பிரிந்து விழுந்துவிட்ட டிஸ்க்குகளில் 96 சதவீதம் தானாகச் சுருங்கியிருந்தன. நார் வளையத்தைத் தாண்டி வெளியே வந்தவற்றில் 70. சும்மா உப்பி நிற்பவற்றில் வெறும் 13. ஆகவே அறிக்கையில் 'பெரிய' என்ற சொல்லைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

ஸ்கேன் அறிக்கை என்ற காகிதத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் உப்பியிருந்தது. 80 வயதில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37, 80 வயதில் 96. இவர்களில் ஒருவருக்கும் முதுகு வலி கிடையாது! தலை நரைப்பதை யாரும் நோய் என்று எழுதுவதில்லை. முதுகு நரைத்தால் மட்டும் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அண்ணனுக்குக் கால் வலி, அந்த டிஸ்க் அழுத்துகிற எஸ்1 நரம்பு ஓடும் வழியிலேயே, பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால், குதிகால் என்று இறங்குகிறதா, முட்டி மடக்காமல் காலைத் தூக்கினால் அதே வலி மின்சாரம் போலப் பாய்கிறதா, ஸ்கேனும் அதே நரம்பைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் ஆபரேஷனின் பலன் நன்றாக இருக்கும். படம் ஒன்று சொல்ல, கால் வேறொன்று சொன்னால், படத்துக்கு ஆபரேஷன் செய்து பயனில்லை.

இந்த வழக்கு நேற்று வந்ததல்ல. 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர்தான், அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று நினைத்து அகற்றிக்கொண்டிருந்தது உண்மையில் பிதுங்கிய டிஸ்க் என்று எழுதினார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு உலகம் முழுக்க வெட்டித் தள்ளினார்கள். சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டுப் பார்த்தவர் ஏறக்குறைய யாருமில்லை. 1983இல்தான் ஓஸ்லோவில் ஹென்ரிக் வெபர் என்ற நரம்பியல் மருத்துவர், ஆபரேஷனா இல்லையா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்த 126 நோயாளிகளின் பத்து வருடக் கதையை வெளியிட்டார். ஒரு வருடத்தில் ஆபரேஷன் அணி தெளிவாக முன்னால் இருந்தது. நாலு வருடத்தில் இடைவெளி மிகவும் சுருங்கியிருந்தது. பத்து வருடத்தில் வித்தியாசமே இல்லை.

பிறகு அமெரிக்காவில் 11 மாநிலங்களில், 13 மருத்துவமனைகளில், ஜேம்ஸ் வைன்ஸ்டைன் தலைமையில் பெரிய அளவில் ஒரு முயற்சி நடந்தது. முடிவு 2006இல் வந்தது. குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் 501 பேர். ஆனால் நோயாளிகள் சொன்ன அணியில் நிற்கவில்லை. இரண்டு வருடத்தில், ஆபரேஷன் என்று சீட்டு விழுந்தவர்களில் 60 சதவீதம் பேர்தான் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று சீட்டு விழுந்தவர்களில் 45 சதவீதம் பேர் போய்ச் செய்துகொண்டார்கள். மருத்துவ ஆய்வுகளுக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. விளைவு, சீட்டு விழுந்தபடி கணக்குப் போட்டால் இரண்டு அணிக்கும் சிறு வித்தியாசம்தான். உண்மையில் யார் ஆபரேஷன் செய்துகொண்டார் என்று பார்த்துக் கணக்குப் போட்டால் ஆபரேஷனுக்குப் பெரிய வெற்றி. அறுவை மருத்துவர்கள் இரண்டாம் கணக்கைச் சொல்கிறார்கள், என்னைப் போன்றவர்கள் முதல் கணக்கைச் சொல்கிறோம். இருவருக்கும் அவரவர் தொழில் இருக்கிறது. என் பார்வையில் அந்தத் தாவலே ஒரு பதில்தான்: வலி குறையத் தொடங்கியவர்கள் ஆபரேஷனைத் தவிர்த்தார்கள், மோசமானவர்கள் தேடிப் போனார்கள். ஆட்கள் தங்கள் உடம்பைக் கேட்டு முடிவெடுத்தார்கள்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கனடாவின் லண்டன் நகரத்தில் செய்து 2020இல் வெளியான ஆய்வு, நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை கால் வலியை இழுத்துக்கொண்டிருந்த 128 பேரைப் பற்றியது. இவர்களில் ஆபரேஷன் செய்தவர்களின் வலி, பத்துக்கு எட்டு என்ற அளவிலிருந்து ஆறு மாதத்தில் 2.8க்கு இறங்கியது. பிசியோதெரபியும் ஊசியும் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 5.2. இது சின்ன வித்தியாசம் இல்லை. வலி அளவில் 2 புள்ளி மாறினால்தான் ஒரு நோயாளி "ஆமாம், பரவாயில்லை" என்று உணர்வார் என்பது பொதுவான கணக்கு. எனவே நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லும் நாட்காட்டி இப்படி: முதல் ஆறு வாரம், ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் கத்தியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம், வலி இறங்குகிறதா என்று வாரா வாரம் பாருங்கள். இறங்கினால் காத்திருங்கள், இறங்காமல் வேலையும் தூக்கமும் போனால் ஆபரேஷன் நியாயமானது. நாலு மாதம் தாண்டியும் அசையவில்லை என்றால், என் கிளினிக்கில் வந்து காசைக் கொட்டாமல் அறுவை மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

'வெற்றி' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். முதுகு ஆய்வுகளில் அதிகமாகப் பயன்படுவது ஆஸ்வெஸ்ட்ரி படிவம். இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஊரின் எலும்பு மருத்துவமனையில் பிறந்து 1980இல் வெளியானது. வலி, சுய பராமரிப்பு, பளு தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூங்குவது, தாம்பத்தியம், நாலு பேரோடு கலந்து பழகுவது, பயணம் என்று பத்துப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தத்தை நூற்றுக்கு மாற்றிக்கொள்வார்கள். அதிகம் வந்தால் முடக்கம் அதிகம்.

பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவுக்கு ஒருநாள் இதை நிரப்பிக்கொண்டிருந்தேன். "நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது?" என்றேன். "நான் எங்கே தம்பி நாற்காலியில் உட்காருகிறேன்?" என்றார். காலை நாலு மணியிலிருந்து சாக்கைப் போட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டுகிறவர் அவர். படிவத்தில் தரைக்கு இடமில்லை. குந்தி உட்காரும் கழிப்பறைக்கும் இடமில்லை. குடம் தூக்குவது எந்த வரியில் வரும் என்று நானே ஊகித்துப் போட்டேன். தாம்பத்தியக் கேள்விக்கு வந்ததும் அவர் என் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவருக்கு வந்த மதிப்பெண் 32. "பரவாயில்லை, மிதமான முடக்கம்தான்" என்று படிவம் சொல்லியது. அவரோ இரண்டு மாதமாகத் தொழிலுக்கே போகவில்லை. ஆகவே அண்ணனுக்கு வெற்றி என்றால் என்ன என்பதை அண்ணன்தான் சொல்ல வேண்டும். குனிந்து வெல்டிங் வைப்பதா, பைக்கில் பட்டறை வரை போவதா, பிள்ளையைத் தூக்குவதா? அதைச் சொல்லி, "இது கிடைக்குமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். "95 சதவீதம்" என்ற பதிலைவிடப் பயனுள்ள பதில் வரும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: சொல்வது கால் வலிக்கா, இடுப்பு வலிக்கா? நரம்பை அழுத்தும் துண்டை எடுத்தால் போவது கால் வலி. நடு இடுப்பில் பலகைபோல இறுகி நிற்கும் வலி போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு "கால் நன்றாயிருக்கிறது, இடுப்பு அப்படியே இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஏமாற்று இல்லை. முதலிலேயே சொல்லாமல் விட்டதுதான். அமெரிக்க ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களில் எட்டு வருடத்துக்குள் 15 சதவீதம் பேர் மறுபடியும் மேசைக்குப் போனார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதுண்டு.

தகடும் ஸ்க்ரூவும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து நில்லுங்கள். அண்ணனுக்கு உள்ள நோய்க்கு முதல் முறையிலேயே அது பொதுவாகத் தேவைப்படாது. வெறும் இடுப்பு வலிக்கு இணைப்பு ஆபரேஷனையும், மூன்று வாரத் தீவிரப் பயிற்சியையும் பிரிட்டனில் 349 பேரிடம் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். ஆஸ்வெஸ்ட்ரி அளவில் நூற்றுக்கு 4 புள்ளிதான் வித்தியாசம். நோயாளி உணரக்கூடிய மாற்றத்துக்கு 10 வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்கு வரும் தண்டுவடக் கால்வாய் சுருக்கத்திலும், சுவீடனில் 247 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை மட்டும் நீக்கியவர்களும் கூடவே எலும்பை இணைத்தவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். எலும்பு நழுவியிருந்த 267 பேரிடம் நார்வேக்காரர்கள் 2021இல் காட்டியதும் இதையேதான். இணைத்தே ஆக வேண்டிய முதுகுகளும் உண்டு: முறிவு, கடுமையாக ஆடும் நழுவல், சில கட்டிகள். அண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை.

"எங்கள் ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டதும் சரியாகிவிட்டது" என்று உங்களிடம் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான். அந்த நேரத்தில் யார் கை வைத்தாலும் பேர் அவருக்கு. இது நாட்டு வைத்தியருக்கு மட்டும் பொருந்துவதல்ல, எனக்கும் பொருந்தும், பெரிய மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். எலும்புத் தேய்வால் நொறுங்கிய முதுகெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் வலி குறைந்து எழுந்து போனார்கள், வருடக்கணக்கில் கொண்டாடினார்கள். 2009இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து, மற்றொன்று அமெரிக்கர் டேவிட் கால்ம்ஸ் தலைமையில் நடந்தது. பாதிப் பேருக்கு உண்மையான சிமென்ட். மீதிப் பேருக்கு நடிப்பு: அதே மேசை, மரத்துப்போக வைக்கும் அதே ஊசி, நோயாளிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அந்தச் சிமென்ட்டின் காரமான வாசனை அறையில் பரவும்படி டப்பாவையும் திறந்து வைத்தார்கள். இரண்டு அணிக்கும் வலி குறைந்தது. ஒரே அளவில் குறைந்தது. அந்த டப்பாவை நினைக்கும்போதெல்லாம் நான் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகிவிடுவேன்.

அடக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது, எங்கள் கிளினிக்கின் மூலையில் துணி போர்த்தி ஓர் இழுவை இயந்திரம் நிற்கிறது. கடன் வாங்கி வாங்கினேன். இடுப்புக்குப் பெல்ட் கட்டி இழுத்தால் டிஸ்க் உள்ளே போய்விடும் என்று கற்றுத் தந்தார்கள். ஆய்வுகள் ஒன்றன் பின் ஒன்றாக, அதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று சொல்லிவிட்டன. "டிராக்ஷன் வைக்கவில்லையா?" என்று கேட்டு ஏமாற்றத்தோடு போகிறவர்கள் இன்றும் உண்டு. மாத்திரையிலும் இதே கதை. நரம்பு வலி என்றதும் எழுதும் பிரிகாபலினை ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா எனும் இந்தக் கால் நரம்பு வலி உள்ள 209 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வலி 3.7, வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.1. தலைசுற்றல் மட்டும் உண்மை மாத்திரையில் அதிகம். அண்ணன் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம். எழுதிய டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள், அதுவும் கட்டிங் மெஷினோடு வேலை செய்கிறவர் என்பதைச் சொல்லி.

படுக்கை ஓய்வு பற்றிச் சண்டையே போடலாம். "மூன்று வாரம் பலகையில் படு" என்று இன்னும் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் சயாட்டிகா வந்த 183 பேரில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள், 1999இல். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைவிட அழுத்தமான சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது, வேறொரு முதுகு நோயில். முதுகெலும்புக் காசநோய் என்றால் மாதக்கணக்கில் படுக்கை, மாவுக்கட்டு, பெரிய ஆபரேஷன் என்று உலகமே நம்பிய காலம் உண்டு. சேத்துப்பட்டில், அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனம் 304 நோயாளிகளை மூன்று அணியாகப் பிரித்தது. ஓர் அணிக்குக் கெட்டுப்போன எலும்பை அகற்றி ஒட்டு வைக்கும் பெரிய ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். மற்ற இரண்டு அணிக்கும் நடமாடிக்கொண்டே மருந்து மட்டும், ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம். பத்து வருட முடிவு 1999இல் வெளியானது: நல்ல நிலையில் இருந்தவர்கள் ஆபரேஷன் அணியில் 90 சதவீதம், நடமாடிய அணிகளில் 94, 99. பதினைந்து வயதுக்குக் கீழே, ஏற்கெனவே 30 டிகிரிக்கு மேல் கூன் விழுந்த குழந்தைகளுக்கு மட்டும் கூன் கூடியது, அவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்றும் எழுதினார்கள். கிருமி தின்ற முதுகோடு மக்கள் நடந்து குணமாகியிருக்கிறார்கள். டிஸ்க் பிதுங்கிய அண்ணன் தெருமுனை வரை நடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. வலி கூடாத அளவுக்கு நடக்கட்டும், ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம். காரில் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்து சேலம் வரை வந்து என்னைப் பார்ப்பதைவிட அது நல்லது.

கால் விளங்காமல் போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். பெரும்பாலோருக்குப் போகாது. ஆனால் முதலில் சொன்ன 2007ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வில், காலில் கடுமையான பலவீனம் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குப் "பொறுத்திருந்து பாருங்கள்" என்ற பேச்சு பொருந்தாது. அண்ணனை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் பத்து முறை எழும்பச் சொல்லுங்கள், முதலில் வலது, பிறகு இடது. எஸ்1 நரம்பு சோர்ந்திருந்தால் இடது கால் மூன்று நாலிலேயே கெஞ்சும். பிறகு குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள். பாதத்தின் முன்பக்கம் தரையைத் தட்டினால் அதற்கு மேலே உள்ள நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பஸ் கண்டக்டர், "ஒரு வாரமாக இடது செருப்பு மட்டும் எங்கேயாவது கழன்று விழுந்துவிடுகிறது, எனக்குத் தெரிவதே இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷமாக வந்தவர் அவர். வலி குறைந்து பலமும் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை. அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே மணிநேரம் கணக்கு. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் விடாத முதுகு வலி இருந்தால் காசநோயையும் கட்டியையும் பார்க்க வேண்டும். டிஸ்க் என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

கடைசியாக, கனமான வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் குனியாதே, வாழ்நாள் முழுக்கப் பளு தூக்காதே என்று சொல்லி அனுப்புவது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவில் யூஜீன் கரகீ என்ற அறுவை மருத்துவர் 1990களில் இந்தத் தடைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். 50 நோயாளிகளுக்கு, "வலி அனுமதிக்கிற அளவுக்கு எதையும் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் சராசரியாக இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்கள், டிஸ்க் திரும்பப் பிதுங்கியவர்களும் அதிகம் இல்லை. சின்ன ஆய்வு, ஒப்பிட இன்னோர் அணியும் கிடையாது, அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வாழ்நாள் தடைக்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், கால் வலி முட்டிக்கு மேலே ஏறி ஒடுங்கிய பிறகு, முதலில் நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112. அது சயாட்டிகா ஆய்வு இல்லை என்றாலும் செலவில்லாத மருந்து.

பட்டறை முதலாளியிடம் பேச முடிந்தால், முதல் இரண்டு வாரம் அண்ணனுக்கு இடுப்பு உயரத்தில் மேசை போட்டு வெல்டிங் வைக்கிற வேலையைத் தரச் சொல்லுங்கள். சேசிஸுக்கு அடியில் மல்லாந்து, முதுகை முறுக்கி வைக்கும் வெல்டிங் பிறகு. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்காமல் சாய்த்து உருட்டட்டும். பாதி வெல்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், இளசுகள் முன்னால் பலம் காட்டும்போதுதான் தூக்குகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நுனிக்கால் சோதனையைச் செய்து, எத்தனை முறை எழும்பினார் என்று இரண்டு காலுக்கும் தனித்தனியாகத் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த ஞாயிறும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேனோடு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.